டிராமா, பஸ்ஸா: போருக்குப் பின் சிட்னியும் மெல்பர்னும் எடுத்த முடிவுகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய நகரங்களுக்கும் ஒரே கேள்வி வந்து நின்றது. தேய்ந்துபோன டிராம் தடங்களைச் செலவழித்துப் புதுப்பிப்பதா, எடுத்துவிட்டு பஸ் விடுவதா? சிட்னி பஸ் என்று முடிவெடுத்து, 1961 பிப்ரவரியில் கடைசி டிராமையும் நிறுத்தியது. மெல்பர்ன் விடவில்லை. இன்று உலகிலேயே நீளமான நகர டிராம் அமைப்பு அங்கேதான் இருக்கிறது. சுமார் 250 கிலோமீட்டர் இரட்டைத் தடம்.

இப்படி ஒரு ஒப்பீடு கிடைப்பது அபூர்வம். பெரும்பாலான ஊர்களில் ஒரு முடிவு எடுத்தாகிவிட்டால், மற்ற வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம்தான். இங்கே ஊகிக்க வேண்டாம். ஒரே நாடு, ஒரே காலம், அதே கார் மோகம், அதே சம்பள உயர்வு. முடிவு மட்டும் வேறு. அதனால் அன்றைக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன நியாயம் இருந்தது என்று நிதானமாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னி செய்தது தவறு. ஆனால் பஸ்ஸைத் தேர்ந்ததால் அது தவறாகவில்லை; பல வழித்தடங்களுக்கு பஸ்தான் சரி. எல்லாத் தடத்துக்கும் ஒரே பதில் சொன்னதும், திரும்பி வரவே முடியாதபடி அதைச் செய்ததும்தான் தவறு.

போர் முடிந்தபோது இருந்த நிலைமை

சிட்னி டிராம் சின்ன சமாச்சாரம் இல்லை. உச்சத்தில் 291 கிலோமீட்டர் வழித்தடம். 1930களில் சுமார் 1,600 வண்டிகள். பிரிட்டிஷ் பேரரசில் லண்டனுக்கு அடுத்த இடம். 1945இல் மட்டும் 40.5 கோடி பயணங்கள். அன்றைக்கு நகரத்தின் மக்கள்தொகை 15 லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தாலும் தலைக்கு ஆண்டுக்கு 270 பயணம் வருகிறது.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். கார் வைத்திருந்தவரும் டிராமில்தான் போனார். கூட்டம் ஏற ஏற, பராமரிப்பு குறைந்துகொண்டே போனது. ஆளும் இல்லை, இரும்பும் இல்லை. போர் முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பியது. 1948 ஜனவரியில் நாடு முழுக்க வாரத்துக்கு 40 மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. அதே எண்ணிக்கை வண்டியை ஓட்ட இன்னும் அதிக ஆள் தேவைப்பட்டார்கள். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் கூட்டமும் கரைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவிலேயே தயாரான ஹோல்டன் கார் சந்தைக்கு வந்தது. 1950 பிப்ரவரியில் பெட்ரோல் ரேஷன் எடுபட்டது. 1956இல் டெலிவிஷன் வந்ததும் மாலைச் சினிமாக் கூட்டமும் குறைந்தது. கடைசியில் வருமானம் வேலை நாளின் காலை, மாலை இரண்டு வேளைக்குள் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு வேளைக்காக வண்டியையும் ஆளையும் முழுசாக வைத்திருக்க வேண்டும். நடுப்பகலில் பாதி சும்மா நிற்கும்.

யோசித்துப் பார்த்தால் இதில் எதுவும் டிராமுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. எந்த வண்டி ஓடினாலும் இதே நஷ்டம்தான். ஆனால் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது டிராம். பழி அதன் தலையில் விழுந்தது.

வெளிநாட்டிலிருந்து போக்குவரத்து வல்லுநர்களை வரவழைத்து சிட்னி ஆலோசனை கேட்டது. டிராமை மூடிவிடுங்கள் என்றார்கள். என்.ஆர்.எம்.ஏ. என்ற வாகன உரிமையாளர் சங்கமும் அதையே வற்புறுத்தியது. பொதுமக்களில் பெரும்பாலானோருக்கு அதில் விருப்பமில்லை. இருந்தும் மாநிலத்தின் தொழிற்கட்சி அரசு அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அந்த நாளில் இது விசித்திரமான ஆலோசனையும் அல்ல. லண்டன் தன் டிராம்களை 1952 ஜூலையில் முழுக்க நிறுத்தியது. நம் சென்னையில் 1895இல் தொடங்கிய டிராம், கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் நின்றது. காற்று அந்தப் பக்கம்தான் வீசியது.

டீசல் பஸ்

பஸ்ஸுக்கு ஆதரவான வாதங்களில் முதலாவது, மனித உயிர். சிட்னியில் ஓ வகை என்று ஒரு டிராம் இருந்தது. 1908க்கும் 1914க்கும் இடையில் 626 வண்டிகள் கட்டினார்கள். பெட்டி முழுக்கக் குறுக்கு இருக்கைகள். நடுவில் நடக்க வழி கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கவாட்டிலிருந்துதான் ஏறவேண்டும். அப்படியானால் கண்டக்டர் எப்படி டிக்கெட் போடுவார்? வெளியே ஃபுட்போர்டில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக நகர்ந்து போவார். தோளில் பணப்பை, கையில் டிக்கெட் கட்டு. மழையிலும் அதே வேலை, அதே வழுக்கும் பலகை. சாலையில் கார் குறைவாக இருந்த காலத்தில் போடப்பட்ட வடிவம் அது. போருக்குப் பிறகு கார்களும் லாரிகளும் அந்தப் பலகையை உரசிக்கொண்டு போயின. விழுந்து செத்தவர்கள், கை கால் இழந்தவர்கள் பலர். இந்த வண்டிகள் 1950களிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கண்டக்டரின் குடும்பத்துக்கு டிராமின் அழகைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது.

இரண்டாவது, ஏறி இறங்கும் இடம். டிராம் சாலை நடுவில் நிற்கும். இறங்கினால் கார்களுக்கு நடுவே நடந்து ஓரத்துக்கு வரவேண்டும். பஸ் நடைபாதை ஓரமாகவே வந்து நிற்கும். குழந்தையோடு வருபவருக்கும் வயதானவருக்கும் இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது, மின்சாரம். போருக்குப் பிந்தைய நியூ சவுத் வேல்ஸில், அதாவது சிட்னி இருக்கும் மாநிலத்தில், மின்வெட்டு சகஜம். 1949 ஜூன் இறுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏழு வாரம் நீடித்தது. பிரதமர் சிஃப்லியின் அரசு சுரங்கத்துக்குள் ராணுவத்தை அனுப்பியது. டிராம் முழுக்க நிலக்கரி மின்சாரத்தை நம்பி ஓடியது. அந்தக் குளிர்காலத்தைக் கண்ட ஓர் அதிகாரி, டாங்கியில் எண்ணெய் நிரப்பினால் ஓடும் வண்டி வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

நான்காவதுதான் எல்லோரும் முதலில் சொல்வது: பஸ்ஸை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். புதுக் குடியிருப்பு வந்தால் அங்கே நீட்டலாம், சாலை அடைபட்டால் பக்கத்துத் தெருவில் போகலாம். உண்மை. ஆனால் இதை நான் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறேன். சிட்னியின் கிழக்குப் பகுதிகளான ராண்ட்விக்கிலும் பாண்டையிலும் மக்கள் நெருக்கமாகக் குடியிருந்த தெருக்கள் இடம் மாறப்போவதில்லை. டிராம் ஓடிய அதே பாதையில்தான் மாற்று பஸ்ஸும் ஓடியது. எங்கும் திரும்பாத வண்டிக்குத் திரும்பும் வசதி எதற்கு?

இனி பஸ் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. ஓ வகை டிராமில் 80 இருக்கைகள். இரண்டைக் கோத்து ஓட்டினால் 160. ஓட்டுநர் ஒருவர், கண்டக்டர்கள் இருவர்: மூன்று பேர் சம்பளத்தில் 160 இருக்கை, ஆளுக்கு 53. லேலண்ட் கம்பெனியுடையதோ ஏ.ஈ.சி. கம்பெனியுடையதோ, டபுள் டெக்கர் பஸ்ஸில் சுமார் 60 இருக்கைகள். ஓட்டுநர், கண்டக்டர் என்று இருவர். ஆளுக்கு 30. நிற்பவர்களைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். சம்பளம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், பீக் அவர் கூட்டத்தை ஏற்றிச் செல்ல அதிக ஆள் தேவைப்படும் வண்டிக்கு மாறுவது எப்படிச் சிக்கனம் ஆகும்? கண்டக்டர் இல்லாமல் ஒரே ஆள் ஓட்டினால் ஆகும். ஆனால் மாற்று பஸ்களாக வந்த டபுள் டெக்கர்களுக்குக் கண்டக்டர் தேவைப்பட்டார். சேமிப்பு பிற்காலத்துக்கு எழுதிவைத்த வாக்குறுதியாக இருந்தது. செலவு உடனடியாக வந்தது.

ராண்ட்விக் குதிரைப் பந்தயம் முடியும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே மணி அடித்ததும் வெளியே வருவார்கள். அதற்கென்றே தனி டிராம் நிறுத்தங்களும் சுற்றுத் தடங்களும் கட்டியிருந்தார்கள். கோத்த டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்தை 60 பேர் 60 பேராக ஏற்றுவது வேறு வேலை.

டிராலி பஸ்

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மேலே மின்கம்பி, கீழே ரப்பர் டயர். தண்டவாளம் வேண்டாம், சாலை ஓரத்தில் நிற்கும், மேட்டில் டீசலைவிட நன்றாக ஏறும். போருக்கு முன் லண்டன் தன் டிராம்களுக்கு மாற்றாக இதைத்தான் எடுத்தது. போருக்குப் பிறகு மீதியை டீசலுக்கு மாற்றி, 1962இல் டிராலி பஸ்ஸையே மூடிவிட்டது. சிட்னியும் தொட்டுப் பார்த்தது. பாட்ஸ் பாயின்டுக்கு 1934 முதல் 1948 வரை ஒரு தடம். கோகராவிலிருந்து சான் சூசி பக்கம் 1937 முதல் 1959 வரை இன்னொன்று. கம்பியைப் பராமரிக்கும் செலவு டிராம் போலவே இருந்தது. ஏற்றிச் செல்லும் ஆள் கணக்கு பஸ் போலவே இருந்தது. மேடு அதிகம் உள்ள, மின்சாரம் மலிவாக உள்ள ஊருக்கு நல்ல வழி. 1949 சிட்னிக்கு மின்சாரம்தான் தலைவலியாக இருந்தது.

டிராமை முழுசாகப் புதுப்பிப்பது

இதற்கு மூன்று செலவுகள். புது வண்டி, புதுத் தண்டவாளம், மின்கம்பியும் துணை மின்நிலையமும். சிட்னி இதில் ஒரு காலை எடுத்தும் வைத்தது. ஆர் 1 என்ற வகையில் பெரிய ஆர்டர் ஒன்று கொடுத்து, பிறகு அதை 50 வண்டியாகக் குறைத்தது. கதவும் நடுவழியும் உள்ள நவீன வண்டிகள். கண்டக்டர் உள்ளேயே நடக்கலாம். கடைசி வண்டி 1953இல் வந்தது. எட்டே வருடத்தில் அது ஓடத் தடமில்லாமல் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஃபுட்போர்டில் கண்டக்டர் தொங்குவது ஓ வகை வண்டியின் குறை. தண்டவாளத்தின் குறை அல்ல. வண்டியை மாற்றினாலே தீர்ந்துவிடும். ஆனால் விவாதம் நடந்த விதம் வேறு. ஒரு பக்கத்தில் 40 வயதான, போர் முழுக்கப் பழுது பார்க்காமல் ஓடிய வண்டி. மறுபக்கத்தில் கடையிலிருந்து இறங்கிய புது லேலண்ட். இருபது வருடமாக வெள்ளையடிக்காத வீட்டையும் புதுமனை புகுவிழா வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் வரும்? புது டிராமையும் புது பஸ்ஸையும்தான் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

வயதுக் கணக்கும் அப்படித்தான். டிராமின் உடலும் சேஸியும் 40, 50 ஆண்டு தாங்கும். பஸ் 15 முதல் 20 ஆண்டு. ஒரு டிராமின் விலைக்கு எதிரே ஒரு பஸ்ஸின் விலையை வைத்தால் பஸ் மலிவு. ஒரு டிராம் வாழ்நாளுக்கு எதிரே இரண்டு மூன்று பஸ்ஸை வைத்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

அப்புறம் சாலை. பிரிட்டிஷ் வழி வந்த சட்டங்களில் டிராம் நடத்துபவர் தலையில் ஒரு சுமை கட்டப்பட்டிருந்தது. மெல்பர்னில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும், இருபுறமும் ஒன்றரை அடி சாலையையும் டிராம் வாரியமே பராமரிக்க வேண்டும். அதாவது கார்களும் லாரிகளும் ஓடித் தேய்க்கும் சாலைக்கு டிராம் டிக்கெட் காசில் பழுது பார்த்தார்கள். பஸ்ஸுக்கு மாறினால் அந்தச் செலவு கணக்கிலிருந்து மறைந்துவிடும். சாலை தேயாமல் போகாது. வேறொரு அலுவலகத்தின் பேரேட்டுக்கு மாறும், அவ்வளவுதான். பஸ் லாபம், டிராம் நஷ்டம் என்று காட்டிய கணக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 291 கிலோமீட்டரையும் புதுப்பித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பணம் அன்றைய சிட்னியிடம் இல்லை. வீடு, மருத்துவமனை, மின்நிலையம் என்று எல்லாமே பற்றாக்குறையாக இருந்த காலம்.

மெல்பர்ன் செய்தது

மெல்பர்ன் டிராமில் பெரிய முதலீடு செய்து ஜெயித்தது என்று ஒரு பேச்சு உண்டு. நடந்தது வேறு. அது தடத்தைக் காப்பாற்றிவைத்துக்கொண்டு காத்திருந்தது.

1949இல் மெல்பர்ன் டிராம் வாரியத்தின் தலைவராக ராபர்ட் ரிசன் வந்தார். ராணுவத்தில் மேஜர் ஜெனரல், தொழிலால் பொறியாளர், முன்பு பிரிஸ்பேன் டிராமில் வேலை பார்த்தவர். 1970 வரை பதவியில் இருந்தார். தடங்களைப் புதுப்பிக்கும்போது தண்டவாளத்தைக் கான்கிரீட்டில் பதித்துப் போடவைத்தார். தடம் உறுதியாக இருக்கும், பராமரிப்பும் குறையும். இன்னொரு பலனும் உண்டு: கான்கிரீட்டில் பதிந்த தண்டவாளத்தைப் பெயர்த்தெடுப்பது மிகுந்த செலவு பிடிக்கும். டிராமை எடுத்துவிடலாம் என்று அடுத்து யார் வந்தாலும், முதலில் அந்தச் செலவைப் பார்க்கவேண்டும்.

வண்டி விஷயத்தில் மெல்பர்ன் சிக்கனமாகவே இருந்தது. 1923 முதல் கட்டிவந்த டபிள்யூ வகை வண்டிகளையே ஓட்டியது. அந்த வகையின் கடைசி வண்டி 1956இல் வந்தது. அடுத்த புது வகையான இசட் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1975இல். நடுவில் இருபது ஆண்டு அளவுக்குப் புது வண்டியே இல்லை! மரச் சட்டமும் இரைச்சலும் வெயில்காலப் புழுக்கமுமாக மக்கள் அதிலேயே போனார்கள். இது பெருமைப்பட வேண்டிய சேவை அல்ல. ஆனால் தடம் இருந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, வண்டி வாங்கினால் போதும் என்ற நிலையில் அந்த நகரம் இருந்தது.

மெல்பர்ன் கையில் இன்னொரு பாடமும் இருந்தது. சொந்தச் செலவில் படித்தது. பர்க் தெருவில் ஓடிய கேபிள் டிராம் (தரைக்கடியில் ஓடும் வடம் இழுத்துச் செல்லும் வகை) 1940 அக்டோபரில் நின்றது. அதற்குப் பதிலாக டபுள் டெக்கர் பஸ் விட்டார்கள். நகரத்தின் மிக நெரிசலான கடைத்தெருக்களில் ஒன்று அது. பஸ்ஸால் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. 1955, 1956 இரண்டு ஆண்டுகளில் பஸ்ஸை எடுத்துவிட்டு அதே தெருவில் புதிதாக மின்சார டிராம் தடம் போட்டார்கள். உலகமே தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. லண்டனில் டிராம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. இன்று அந்தத் தெருவில் 86, 96 எண் டிராம்கள் ஓடுகின்றன. பதினைந்து ஆண்டு பஸ்ஸை ஓட்டிப் பார்த்து, கணக்குத் தெரிந்து, ஒரு நகரம் திரும்பி வந்த உதாரணம் இதுபோல் அந்தக் காலத்தில் அரிது. சிட்னியில் முடிவெடுத்தவர்கள் ஒரு இரவு ரயில் ஏறினால் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

மெல்பர்னுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. 1837இல் ராபர்ட் ஹாடில் போட்ட நகரத் திட்டத்தில் பெருந்தெருக்கள் 99 அடி அகலம். நடுவில் இரட்டைத் தடம் போட்டாலும் இருபுறமும் வண்டி போக இடம் மிஞ்சும். பஸ்ஸை ஒரே ஆள் ஓட்டுவதைத் தொழிற்சங்கம் எதிர்த்ததால், பஸ்ஸுக்கு மாறினாலும் சம்பளச் செலவு குறையாது என்பது கண்கூடாகத் தெரிந்தது. இன்னொரு பக்கம், கார் ஓட்டுபவர்களும் ஒரு விலை கொடுக்கிறார்கள். நகர மையத்தின் பல சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர், நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் அந்த நாட்டில், இடது ஓரமாகச் சந்திப்புக்குள் போய் நின்று, சிக்னல் மாறும் வரை காத்திருந்து திரும்பவேண்டும். நடுவில் நின்றால் டிராமை மறிப்பார். தெருவில் யாருக்கு முன்னுரிமை என்பதை அந்த விதி சொல்லிவிடுகிறது.

நான்காவது வழி: தடம் தடமாகப் பார்ப்பது

அடிலெய்டு இதைச் செய்தது. 1958 நவம்பரோடு தெருவில் ஓடிய டிராம்களையெல்லாம் நிறுத்தி பஸ்ஸுக்கு மாறியது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தது: கடற்கரைக்குப் போகும் கிளெனெல்க் தடம். காரணம் எளிமையானது. அந்தத் தடம் பெரும்பாலும் சாலையில் இல்லை. தனக்கென்று ஒதுக்கிய பாதையில் போகிறது. காரோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேகமாகப் போகும், சாலையை யாருக்கும் அடைக்காது. 1929இல் வாங்கிய வண்டிகள் அதில் 2006 வரை வேலை பார்த்தன. 2007இல் அந்தத் தடத்தை நகர மையத்துக்குள் நீட்டினார்கள். ஒரே ஒரு தடம் உயிரோடு இருந்ததால், திரும்ப வளர்க்க வேர் இருந்தது.

சிட்னியிடம் இப்படிப்பட்ட பாதைகள் இருந்தன. கென்சிங்டன் வழியாகப் போகும் ஆன்சாக் பரேட் சாலையில் டிராமுக்கென்று நடுவில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. துறைமுகப் பாலத்தின் கிழக்கு ஓரத்தில் இரண்டு டிராம் தடங்கள்; வின்யார்ட் நிலையத்தில் தரைக்கடியில் டிராம் நடைமேடையும் சுரங்கப் பாதையும். இவையெல்லாம் சாலை நெரிசலோடு சம்பந்தப்படாத பாதைகள். நெரிசலுக்குக் காரணம் டிராம் என்ற வாதம் இவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. இருந்தும் எல்லாம் போயின. பாலத்தின் தடங்கள் 1958இல் நின்றன; அடுத்த ஆண்டு அவை இரண்டு சாலைத் தடங்களாகத் திறக்கப்பட்டன. வின்யார்ட் சுரங்கம் கார் நிறுத்துமிடம் ஆனது. பென்னலாங் முனையில் இருந்த ஃபோர்ட் மெக்குவாரி டிராம் டிப்போவை 1958இல் இடித்தார்கள்; அந்த இடத்தில்தான் ஓபரா ஹவுஸ் எழுந்தது. டிப்போவைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த முனையில் ஓபரா ஹவுஸ் நிற்பதுதான் சரி. வின்யார்ட் சுரங்கத்தைக் கார் நிறுத்தக் கொடுத்ததை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. ராண்ட்விக் பணிமனைக்குப் பின்னால் டிராம்களின் மர உடல்களைக் குவித்து எரித்தார்கள். பாண்டை தடம் 1960 பிப்ரவரியில் நின்றது. லா பெரூஸ் தடம் 1961 பிப்ரவரி 25 அன்று. அத்தோடு முடிந்தது.

திரும்பி வர ஆன செலவு

1997இல் சிட்னி ஒரு சின்ன இலகு ரயில் (இன்றைய டிராமுக்கு அங்கே அதுதான் பெயர்) தடத்தோடு மறுபடி தொடங்கியது. பெரிய அளவில் வந்தது 2019 டிசம்பரில்: துறைமுகக் கரையில் உள்ள சர்குலர் கீயிலிருந்து நகர மையத்தின் ஜார்ஜ் தெரு வழியாக ராண்ட்விக்குக்கு. 2020 ஏப்ரலில் கிங்ஸ்ஃபோர்ட் கிளை. மொத்தம் 12 கிலோமீட்டர். 2012இல் அறிவித்தபோது 160 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றார்கள். முடிந்தபோது 300 கோடியைத் தாண்டிவிட்டது. ஜார்ஜ் தெருவை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள். தரைக்கடியில் இருந்த குழாய்களும் கேபிள்களும் பெரிய தொல்லையாகின. கடைக்காரர்கள் வியாபாரம் இழந்தார்கள். ஆன்சாக் பரேடில் பழைய டிராம் ஓடிய அதே வழியில்தான் புதுத் தடமும் போகிறது. இரண்டு வண்டிகளைக் கோத்து 67 மீட்டர் நீளத்தில், ஒரே ஓட்டுநரோடு, 450 பேரை ஏற்றுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன் அதே சாலையில் இரண்டு ஓ வகை வண்டிகளைக் கோத்து ஓட்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

தடத்தை வைத்திருந்தாலும் அறுபது ஆண்டில் பலமுறை புதுப்பிக்கும் செலவு வந்திருக்கும். 300 கோடியும் மிச்சமாகியிருக்கும் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் குழாய்களை ஒதுக்குவது, வழி உரிமையை மீட்பது, பணிமனைக்கு இடம் தேடுவது, ஊரைச் சம்மதிக்கவைப்பது ஆகிய செலவுகள் ஒருமுறை கைவிட்டதால் மட்டுமே வந்தவை.

1949இல் நான் எப்படிப் பிரித்திருப்பேன்

பால்மெய்ன் தடத்தை பஸ்ஸுக்குக் கொடுத்திருப்பேன். படகுத் துறைக்கு இறங்கும் சரிவு அங்கே அவ்வளவு செங்குத்து. டிராமைப் பிடித்து நிறுத்தவும் மேலே தள்ளவும் தரைக்கடியில் எதிர் எடை ஒன்றைக் கட்டித் தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் புதுப்பிக்கும் பணத்துக்கு அந்தத் தடம் தகுதியில்லை. குறுகலான உள்நகரத் தெருக்களில் ஓடிய மேற்குத் தடங்களையும், கூட்டம் குறைந்த கிளைகளையும் அதே பட்டியலில் சேர்த்திருப்பேன். ஜார்ஜ் தெருவையும்கூட. கார்களை வெளியேற்றினால்தான் அங்கே டிராம் சரியாக ஓடும். அன்றைக்கு எந்த முதலமைச்சரும் அதற்குத் துணிந்திருக்க மாட்டார்.

கிழக்குத் தடங்களுக்கு ஜார்ஜ் தெரு தேவையே இல்லை. அவை ஆக்ஸ்ஃபோர்ட் தெரு, எலிசபெத் தெரு பக்கமாக சர்குலர் கீக்குப் போயின. அதனால் பாண்டை, ராண்ட்விக், ஆன்சாக் பரேட் மூன்றையும் வைத்திருப்பேன். ஆர் 1 வண்டிகள் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய், ஃபுட்போர்டு வண்டிகளை முதலில் அங்கிருந்து ஒழித்திருப்பேன். ரிசன் செய்தது போல், தடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கான்கிரீட். லா பெரூஸ் வரையிலான கடைசிப் பகுதியில் அன்று குடியிருப்பு குறைவு; வண்டிகளைக் குறைத்தாலும் தண்டவாளத்தைத் தொடமாட்டேன்.

பாலம்தான் சிரமமான முடிவு. வடக்குக் கரையில் மேடும் வளைவுமான தெருக்கள். அங்கே பஸ் பொருத்தம் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சரி, டிராம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். பாலத்தின் அந்த இரண்டு தடங்களையும் வின்யார்ட் சுரங்கத்தையும் பஸ்ஸுக்கென்றே ஒதுக்கியிருக்கலாமே? கார் உள்ளே வராத பாதையில் டபுள் டெக்கர் பஸ்கள் நேராக நகர மையத்துக்குள் தரைக்கடியில் வந்து நின்றிருக்கும். அந்தத் தடங்களில் ஒன்று இப்போது பஸ் தடமாக இருக்கிறது. சுரங்கம் திரும்பக் கிடைக்கவில்லை.